பெல்லட் அடுப்புக் கண்ணாடி கருத்தா துடைச்சா மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குலசேகரம் பக்கத்துல இருந்து எழுதுறேன். எனக்க மவ இத்தாலி வடக்குல நர்ஸா வேல பாக்குறா, போன குளிருக்கு பேரப்புள்ளய பாக்க போயி நாலு மாசம் அங்கதான் இருந்தேன். அந்த வீட்டு ஹாலுல பெல்லட் அடுப்பு ஒண்ணு உண்டு, சமைக்க இல்ல, குளிருக்கு வீட்ட சூடாக்கத்தான். பெல்லட்டுன்னா மரத்தூள அமுக்கி 6 மில்லிமீட்டர் கனத்துல துண்டு துண்டா ஆக்குனது, பாக்க கோழித்தீவனம் மாதிரி இருக்கும், 15 கிலோ மூட்டையா விக்கிறாங்க. மோட்டார் அத கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளும், ஃபேன் ஓடும், முன்னால கண்ணாடிக் கதவுல தீ எரியிறது தெரியும். நம்ம மாவட்டத்துப் புள்ளைங்க எத்தனயோ பேரு குளிர் நாட்டுல வாடக வீட்டுல இந்த அடுப்ப வச்சு இருக்காங்க, அவங்க வீட்டு ஆளுங்க நம்ம பத்திரிகைய படிக்கிறாங்கங்கிற நம்பிக்கையிலதான் இத எழுதுறேன்.

நான் போன அன்னிக்கே கண்ணாடி கன்னங்கரேல்னு இருந்துச்சு. மவ ஏதோ ஸ்ப்ரே அடிச்சு, பாத்திரம் தேய்க்கிற கம்பி நார வச்சு தேச்சு தேச்சு கண்ணாடியில கீறல் விழுந்ததுதான் மிச்சம், கரி போகல. சின்ன வயசுல ராந்தல் சிம்னிய நாங்க சாம்பல் தொட்டுத்தான் துடைப்போம், அது ஞாபகம் வந்து அடுப்பு நல்லா ஆறுன பிறகு, நான் ஏத்தங்கா சிப்ஸ் பொதிஞ்சு கொண்டு போன நம்ம பத்திரிகைத் தாளையே நனைச்சு பிழிஞ்சு, அடுப்புக்குள்ள கிடந்த நைசான வெள்ளச் சாம்பல தொட்டு வட்டம் வட்டமா தேச்சேன். பிறகு வேற ஈரத்தாளு, கடைசியா காஞ்ச துணி, அவ்வளவுதான், பளிச்சுன்னு ஆயிடுச்சு. சாம்பல்ல மண்ணு, கட்டி எதுவும் இருக்கக் கூடாது, இருந்தா அதுவே கீறும். சூட்டோட துடைக்கவே கூடாது, கை சுடுறது ஒரு பக்கம், ஸ்ப்ரே அடிச்சா அந்த மருந்து காஞ்சு படலமா பிடிச்சுக்கும். அடுப்ப ஆஃப் பண்ணுனா ஃபேன் கொஞ்ச நேரம் ஓடித்தான் நிக்கும், அது வரைக்கும் பிளக்க பிடுங்காதீங்க.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது இது இல்ல. துடைச்சு அடுப்ப பத்த வச்சு ஒரு மணி நேரத்துல திரும்பவும் கருத்துடுச்சு. ரெண்டு நாளு எரிஞ்சா லேசா சாம்பல் நிறத்துல, தவிட்டு நிறத்துல ஒரு மங்கல் பிடிக்கிறது சாதாரணம், அது ஒரு துடைப்புல போயிடும். ஒரு மணி நேரத்துல மை மாதிரி கருக்குதுன்னா தீக்கு காத்து பத்தலன்னு அர்த்தம். வாடக வீட்டு ஓனரு அனுப்புன ஆளு வந்து கண்ணாடிய மட்டும் துடைச்சு காசும் வாங்கிட்டு போயிட்டாரு, உள்ள ஒண்ணுமே பாக்கல, எனக்கு இப்பவும் அதுல மனத்தாங்கல் உண்டு.

பிறகு நானும் மருமவனும் ஒவ்வொண்ணா பாத்தோம். பெல்லட் விழுந்து எரியிற இரும்புக் கிண்ணத்துல, அங்க பிராச்சேரேன்னு சொல்லுறாங்க, காத்து வர்ற ஓட்டை பாதியில கட்டிச் சாம்பல் இறுகிக் கிடந்துச்சு, அத தினமும் ஆறுன பிறகு எடுத்து தட்டி சுரண்டணும். மூட்டைய அடித்தளத்துல ஈரத்துல போட்டிருந்தாங்க, ஈரம் பட்ட பெல்லட்டு ஊதி தூளாயிடும், நம்ம ஊருல பச்ச ரப்பர் விறகு வச்சா அடுப்பங்கரை புகையிறமாதிரிதான் எரியும். கதவு ஓரத்துல இருக்கிற கயிறு மாதிரி கேஸ்கட்டையும் பாத்தோம், ஒரு துண்டு தாள வச்சு கதவ அடைச்சு இழுத்தா இறுக்கமா இருக்கணும், சும்மா வந்துடுச்சுன்னா மாத்தணும்.

இதெல்லாம் சரி பண்ணியும் கரி முழுசா நிக்கல. கடைசியிலதான் கண்டுபிடிச்சோம், அடுப்புக்கு வெளிக்காத்து வர்றதுக்கு சுவத்துல ஒரு ஓட்டை வச்சிருக்காங்க, அது வழியா குளிர் அடிக்குதுன்னு சொல்லி மவ பழைய டவல திணிச்சு வச்சிருக்கா! புள்ளைக்கு சளி பிடிச்சுடக் கூடாதேன்னு செஞ்சது, ஆனா காத்து இல்லாம எரியிற தீ கார்பன் மோனாக்சைட விடும், அதுக்கு நிறமும் கிடையாது மணமும் கிடையாது, தலவலியும் மயக்கமும் வரும், தூக்கத்துலயே உயிர் போயிடும். அந்த மாசம் மருமவன் சாயங்காலம் ஆனா தலவலின்னு படுத்துடுவான், அது இதனாலதானோன்னு நெனச்சா இப்பவும் எனக்கு நெஞ்சு படபடக்கு. டவல உருவி எறிஞ்ச பிறகு தீ மஞ்சளா துள்ளி எரிஞ்சுது, கண்ணாடியும் ரெண்டு நாளைக்கு ஒருக்க துடைச்சா போதும்னு ஆச்சு. அந்த வாயுவுக்கு அலாரம் ஒண்ணு வாங்கி வச்ச பிறகுதான் நான் டிக்கெட் போட்டேன்.

சாம்பல வீட்டுல இருக்கிற சாதா வாக்குவம் கிளீனர் வச்சு உறிஞ்சாதீங்க, கங்கு மணிக்கணக்கா உள்ள உயிரோட கிடக்கும், மூடி போட்ட இரும்பு வாளியில அள்ளி வெளிய வைங்க. புகைக்குழாய வருசத்துக்கு ஒருக்கலாவது தெரிஞ்ச ஆள வச்சு சுத்தம் பண்ணணும்.

அங்க அக்டோபர் பாதியிலயே அடுப்பு பத்த வைக்க ஆரம்பிச்சுருவாங்க. அதுக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழம பேப்பருல இத போட்டீங்கன்னா நல்லது, நம்ம ஊரு அம்மாமார் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்பிருவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்