கீழ்த்தாடைப் பல்செட்டுக்கு எந்த இணைப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் இம்பிளான்ட் சிகிச்சை குறித்து வந்த கட்டுரை, எலும்பில் பொருத்தப்படும் டைட்டானியம் திருகைப் பற்றி விரிவாகவே பேசியது. ஆனால் அந்தத் திருகையும் பல்செட்டையும் பிணைக்கும் ‘இணைப்பு’ என்ற சிறு பாகத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. எல்லாப் பற்களையும் இழந்த முதியவருக்குப் பிற்காலத்தில் ஏற்படும் செலவும் அலைச்சலும் பெரும்பாலும் அந்தச் சிறு பாகத்தால்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

மேல்தாடைப் பல்செட்டு அண்ணத்தில் படிந்து ஓரளவு நின்றுவிடும். கீழ்த்தாடையில் அந்த வசதி கிடையாது. நாக்கு அசையும் போதெல்லாம் செட்டும் எழும்பும். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டு இம்பிளான்ட் வைத்து, அவற்றின் மேல் கழற்றி மாட்டும் செட்டையே முதல் தேர்வாகக் கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தனர். எந்த இணைப்பைப் பயன்படுத்தினாலும் இம்பிளான்ட்டின் ஆயுளில் பெரிய வேறுபாடு இல்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே வாயில் உள்ள இடம், நோயாளியின் கைத்திறன், பராமரிப்பு ஆகிய மூன்றையும் வைத்தே இணைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாக வந்தது என்பதற்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இரண்டு இம்பிளான்ட்டுகளையும் உலோகப் பட்டையால் இணைத்து, செட்டுக்குள் கிளிப் வைக்கும் முறை நல்ல பிடிமானம் தரும். இம்பிளான்ட்டுகள் சற்றுச் சாய்ந்திருந்தாலும் சமாளிக்கும். ஆனால் அதற்கு ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் உயர இடைவெளி தேவை. அது இல்லாத வாயில் பட்டையைத் திணித்தால், அதன் மேலுள்ள அக்ரிலிக் (செட்டின் பிளாஸ்டிக்) மெலிந்து செட்டு உடைந்துபோகும். பட்டைக்கு அடியில் துலக்காமல் விட்டால் ஈறு தடித்து வளரும். பந்து வடிவ இணைப்பு எளிமையானது, விலையும் குறைவு. ஆனால் இரண்டு இம்பிளான்ட்டுகளும் ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும்.

இன்று பரவலாகப் பயன்படும் ‘லொக்கேட்டர்’ என்ற இணைப்பு உயரம் குறைந்தது. இடம் குறைவான வாய்க்கும் பொருந்தும். செட்டுக்குள் அமரும் அதன் நைலான் மூடியின் இறுக்கத்தை நிறத்தால் அறியலாம்: நீலம் ஏறத்தாழ 0.7 கிலோ, இளஞ்சிவப்பு 1.4 கிலோ, நிறமற்றது 2.3 கிலோ அளவு பிடிமானம் தரும். இந்த மூடி தேயும். சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். விரல்களால் அழுத்தி மாட்டாமல், வாயில் போட்டுக் கடித்தே உட்கார வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் விரைவாகத் தேயும். லொக்கேட்டரின் நடுக்குழியில் உணவுத் துகள் அடைத்துக்கொண்டாலும் செட்டு சரியாக உட்காராது. கை நடுக்கமோ மூட்டுவாதமோ உள்ளவர்களுக்குக் காந்த இணைப்பு உதவும். தானாகவே இழுத்து உட்கார வைக்கும். பிடிமானம் குறைவு என்பதும், உமிழ்நீரில் அரிக்கக்கூடும் என்பதும் அதன் குறைகள். எம்ஆர்ஐ எடுக்கும் முன் காந்தமுள்ள செட்டைக் கழற்றிவிட வேண்டும். வாயில் நிற்கும் உலோகப் பகுதியைப் பற்றியும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இங்கே பரவலாகக் காணும் ஒரு தவறான பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். செட்டு ஆடுகிறது என்று வருபவருக்கு உடனே இன்னும் இறுக்கமான மூடியை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். முன்புறம் இரண்டே இம்பிளான்ட் இருக்கும்போது, பின்பக்கத்து எலும்பு காலப்போக்கில் கரைந்து தாழ்வதால், செட்டு அந்த இரண்டின் மீது சீசா பலகைபோல முன்னும் பின்னும் சாய்கிறது. இதற்கு மூடியை மாற்றிப் பயனில்லை. செட்டின் அடிப்பகுதிக்குப் புது அக்ரிலிக் இட்டு ஈற்றோடு படிய வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் இறுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால், புது மூடியும் விரைவில் தேய்ந்து, கழற்றும்போது முதியவரின் கைக்கு வேலை கூடுவதுதான் மிச்சம்.

சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முன், எந்த வகை இணைப்பு, அதன் உதிரிப் பாகம் நம் ஊரில் கிடைக்குமா, மாற்ற என்ன செலவு என்று நோயாளியின் குடும்பத்தார் கேட்க வேண்டும். இம்பிளான்ட்டின் நிறுவனம், அளவு, இணைப்பின் வகை ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதித் தருவதை மருத்துவமனைகள் வழக்கமாக்க வேண்டும். நம் முதியவர்கள் பலர் ஆறு மாதம் மகன் வீட்டிலும் ஆறு மாதம் மகள் வீட்டிலுமாக இருக்கிறார்கள். அந்த அட்டை இல்லாவிட்டால், வேற்றூர் மருத்துவர் பொருந்தும் மூடியைத் தேடுவதிலேயே பல நாள்கள் போய்விடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல் மருத்துவர்,
தஞ்சாவூர்.