இரவிலாவது குளிர்காற்றைத் திறந்துவிடுங்கள்: வானிலைக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அதிகாரிகளுக்கு வணக்கம்.

உற்பத்தி குறைந்தது என்று கீழடுக்குக்கு இரவுக் குளிர்காற்றை நிறுத்தி இன்றோடு 11 நாள் ஆகிறது. உத்தரவு உங்களுடையது, காரணமும் உங்களுக்கே தெரியும், அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். இரவிலாவது திறந்துவிடுங்கள்.

என் அப்பாவுக்கு 73 வயது. நேற்று இரவு பத்து மணிக்கு ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து அவர் மார்பில் போட்டேன். இரண்டு மணிக்குத் தொட்டுப் பார்த்தால் ஈரம் அப்படியே இருக்கிறது, ஆனால் துண்டு அவர் உடம்பு அளவுக்குச் சூடாகிவிட்டது. விடிந்தும் காயவில்லை. துண்டு காயாத காற்றில் வியர்வை மட்டும் எப்படிக் காயும்? வியர்வை ஆவியானால்தானே உடம்பு குளிரும்! ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால் நல்ல திடமான ஆளே நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார், வயதானவர்களுக்கு அதற்கு வெகு முன்பே ஆபத்து. இது உங்களுக்குத் தெரியாததா? பிறகு ஏன் தெருப் பலகையில் வெப்பநிலையை மட்டும் விட்டுவிட்டு ஈரப்பதத்தை எடுத்தீர்கள்?

மேலடுக்கில் போர்வை போர்த்தித் தூங்குகிறார்கள். தூங்கட்டும், அவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் குளிரூட்டும் இயந்திரம் சூட்டை அழிப்பதில்லை, ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுகிறது. அங்கே எடுத்த சூடும் அந்த இயந்திரம் தின்ற மின்சாரத்தின் சூடும் சேர்ந்து எங்கள் தெருக் குழாய் வழியாகத்தான் வெளியே வருகிறது. எங்களுக்குக் குளிர்காற்று இல்லை என்பதோடு நிற்கவில்லை, அவர்களுடைய வெக்கையையும் நாங்கள்தான் சுமக்கிறோம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். 1946-இல் வின்சென்ட் ஷேஃபர் என்ற அமெரிக்க விஞ்ஞானி விமானத்திலிருந்து மேகத்தில் உலர்பனியை, அதாவது உறைந்த கரியமில வாயுவைத் தூவிப் பனி விழ வைத்தார். அப்புறம் இருபது ஆண்டுதான் தாண்டியிருக்கும், வியட்நாம் போரில் எதிரியின் பாதைகளைச் சேறாக்க அமெரிக்க ராணுவம் மேகங்களில் வேதிப்பொருள் தூவ ஆரம்பித்துவிட்டது. 1967-இல் தொடங்கி 1972 வரை அது நடந்தது. விஷயம் வெளியே வந்த பிறகு, 1976-இல், வானிலையை ஆயுதமாக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. ஆனால் அது ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் செய்வதைத்தான் தடுக்கிறது. தன் மக்களுக்கே காற்றை அடைக்கிற ஓர் ஆட்சி வரும் என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும். மழையைத் தேதி போட்டுக் கொடுத்தீர்கள், பொறுத்துக்கொண்டோம். வெயிலுக்கு வரி போட்டீர்கள், அதையும் கட்டினோம். உறக்கத்தில் கை வைத்தால் நாங்கள் எங்கே போவோம்? பகலெல்லாம் வெந்த உடம்பு இரவில்தான் தேற முடியும், அது தேறாவிட்டால் நீங்கள் கேட்கிற உற்பத்தியை யார் தருவது?

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். பணிவாகவே கேட்கிறேன். தண்டனை வேண்டுமென்றால் கூலியில் பிடித்துக்கொள்ளுங்கள். இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை குளிர்காற்றைத் திறந்துவிடுங்கள், பலகையில் ஈரப்பதத்தைத் திரும்பப் போடுங்கள். விசாரணை, ஆய்வு எல்லாம் பிறகு நடக்கட்டும், வால்வை மட்டும் தயவுசெய்து இன்று இரவே திறங்கள்.

இப்படிக்கு,
கீழடுக்குவாசி ஒருவர்