நூறு கன்று நட்டோம், பதினான்கு பிழைத்தது

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போன வருஷம் ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று பள்ளியில் நூறு கன்று நட்டு, போட்டோவும் எடுத்து, அறிக்கையில் ‘100 மரக்கன்றுகள்’ என்று எழுதி அனுப்பினோம். சித்திரையில் தோட்டக்காரரோடு நடந்து எண்ணினேன். உயிரோடு இருந்தது பதினான்கு, அதிலும் மூன்றை ஆடு மேய்ந்திருந்தது. நம் சீமைக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் என்று தெரிந்தும் வெயிலில் நட்டு, நட்ட அன்றே எண்ணி முடித்தது என் தப்பு.

பிளாஸ்டிக் குப்பை சேர்க்கும் போட்டி இதைவிட மோசம். அதிக எடை சேர்க்கும் வகுப்புக்குப் பரிசு என்றதும் ஏழாம் வகுப்பு முதலில் வந்தது, மூட்டையைப் பிரித்தால் பாதிக்குமேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த பால் பாக்கெட். ஒரு பையன் அப்பத்தாவிடம் காசு வாங்கி, கடையில் கேரி பையையே புதுசாக வாங்கி வந்திருக்கிறான் (2019-லேயே தடை செய்த பை, கேட்டால் இன்னும் கிடைக்கிறது). பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, எடைக்குப் பரிசு வைத்தால் எடைதான் வரும்.

சரி, இந்த வருஷம் கொஞ்சமாக அளப்போம், ஒழுங்காக அளப்போம்.

முதலில் கிணறு. திங்கள்தோறும் காலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால், அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை ஒரே இடத்திலிருந்து இறக்கிப் பிள்ளைகள் நீர்மட்டம் பார்ப்பார்கள். ஐப்பசியில் தண்ணீர் ஏறினால் அது நம் சாமர்த்தியம் இல்லை, அதனால் மழையளவும் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். நம் ஓட்டுக்கூரை சுமார் 300 சதுர மீட்டர், 20 மில்லிமீட்டர் பெய்தால் 6000 லிட்டர் விழுகிறது, அதில் எவ்வளவு கிணற்றுக்குப் போகிறது, எவ்வளவு ரோட்டுக்குப் போகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பெரிய வீட்டு ஆச்சிகள் முற்றத்தில் கிடாரம் (பெரிய அண்டா) வைத்து மழை பிடித்தவர்கள், அவர்களிடமும் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

பறவையை எண்ணலாமே என்று எட்டாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, அந்த ஊருக்கு அது சரியான கணக்கு. ஆனால் கண்மாயில் தண்ணீர் இல்லாவிட்டால் நாரை வராது, அதற்கு நம் பள்ளி என்ன செய்யும்? போய்ப் பார்த்து வருவோம், மார்க் போட வேண்டாம் என்றேன். அவளுக்கு அவ்வளவு திருப்தி இல்லை.

அப்புறம் கரண்ட். பள்ளி மீட்டரில் ஓடிய யூனிட்டை வருகைப்பதிவில் உள்ள எண்ணிக்கையால் வகுப்போம், இல்லையென்றால் லீவு நாளில் சிக்கனம் செய்த மாதிரி தெரியும். வீட்டுக் கணக்குக்கு உங்கள் உதவி வேண்டும். தொகை வேண்டாம், யூனிட்டை எழுதி அனுப்புங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் 40 ஓடினாலும் 95 ஓடினாலும் ரூபாயில் வித்தியாசம் தெரியாது. வீட்டில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கன்று இந்த முறை இருபதுதான், ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு. எண்ணுவது சித்திரையில். பின்பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் யாரென்று எனக்குத் தெரியும், பெயர் எழுதவில்லை, போகும்போது படலை மட்டும் சாத்திவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்