பரண் மேல் வைத்த மிஷினைக் கீழே இறக்கு

பெரம்பூர், சென்னை
19 ஜனவரி 2025

அன்புள்ள நண்பனுக்கு,

பொங்கல் அன்று பேசியபோது எல்லாம் நன்றாகப் போகிறது என்றாய். நேற்று தங்கச்சி பேசினாள். தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்று ஊதும் உன் சிபாப் மிஷின் பதினோரு நாள் ஓடியது, பிறகு வேட்டித் துணியில் சுற்றிப் பரணுக்குப் போய்விட்டது என்றாள். அதைவிட வேறொரு செய்தி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மாஸ்க்கின் முன்பக்கம் காற்று சீறுகிறது என்று அங்குள்ள சிறு துளைகளை நீ டேப் ஒட்டி அடைத்தாயாமே! மேற்கொண்டு படிப்பதற்கு முன் எழுந்து போய் அந்த டேப்பை உரித்துவிட்டு வா. அது கசிவு இல்லை. நீ வெளியே விடும் மூச்சு கரியமில வாயுவோடு அந்தத் துளைகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதை அடைத்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பாய். மூச்சு முட்டுகிறது என்று நீ கழற்றி எறிந்ததற்கு அதுவேகூடக் காரணமாக இருக்கலாம்.

உரித்துவிட்டாயா? இனி உட்கார்ந்து படி.

1983-இல் பயிற்சிக் காலத்து விடுதி அறை நினைவிருக்கிறதா? நம் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் சங்கு ஊதும் வரை நீ குறட்டை விடுவாய். கொடுத்துவைத்தவன், படுத்ததும் எப்படி ஆழ்ந்து தூங்குகிறான் என்று நாங்கள் பொறாமைப்படுவோம். குறட்டை என்றால் நல்ல தூக்கம் என்றுதான் நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். நானும் அறுபது வயது வரை அப்படித்தான் நினைத்தேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நான் ஓய்வு பெற்ற 2023-ஆம் ஆண்டு, சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், பெரம்பூரில் சிக்னலுக்காக ஸ்கூட்டரை நிறுத்தியவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் நினைவு வந்தது. அதற்கு முன்பே தினமும் காலையில் தலைவலி, இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவது எல்லாம் இருந்தன. சர்க்கரையோ என்று பார்த்தேன், இல்லை. வீட்டில் இந்தச் சிக்னல் கதையைச் சொன்னபோது என் மனைவி நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "நீங்கள் குறட்டை விடும்போது எனக்குப் பயம் இல்லை. குறட்டை நிற்கும்போதுதான் பயம். மறுபடி மூச்சு வரும் வரை எண்ணிக்கொண்டே இருப்பேன்." எத்தனை வருடமாக என்று கேட்டேன். மூத்தவளுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து என்றாள். பன்னிரண்டு வருடம், நண்பா. நான் தூங்குவதாக நினைத்த இரவுகளில் அவள் என் மூச்சுக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

பரிசோதனைக்காக ஓர் இரவு மருத்துவமனையில் படுத்தேன். தலையெங்கும் பசை தடவி ஒயர்கள், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் கிளிப், மூக்கில் சிறு குழாய். இப்படி யாரால் தூங்க முடியும் என்று நினைத்தேன், ஆனாலும் தூங்கினேன். முடிவு என்ன தெரியுமா? மணிக்கு 41 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 விநாடி. மணிக்கு 30-ஐத் தாண்டினாலே கடுமையான நிலை என்கிறார்கள். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைத்துக்கொள்கிறது. நெஞ்சு இழுக்கிறது, காற்று வருவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை ஒரு கணம் நம்மை எழுப்புகிறது. நமக்கு அது தெரிவதே இல்லை. ஆகவே எட்டு மணி நேரம் படுத்தும் நான் தூங்கவில்லை. ராத்திரி முழுவதும் மல்யுத்தம் செய்துவிட்டுக் காலையில் எழுந்திருக்கிறேன்.

உன் மிஷின் 10-இல் வைக்கப்பட்டிருக்கிறது என்றாய். அது பத்து சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். நம் கணக்கில் சொன்னால் சதுர சென்டிமீட்டருக்குப் பத்தே கிராம். பிரேக் பைப்பில் 5 கிலோ வைத்து வேலை பார்த்தவர்கள் நாம், இது அதில் ஐந்நூறில் ஒரு பங்கு. அந்தச் சிறிய காற்றுதான் தொண்டை மூடிக்கொள்ளாமல் உள்ளே நின்று முட்டுக்கொடுக்கிறது. அது ஆக்சிஜனும் இல்லை. எங்கள் தெருவில் நான் ஆக்சிஜன் வைத்துத் தூங்குவதாக ஒரு பேச்சு இருக்கிறது. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் அது வடிகட்டி ஊதுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவின் சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன் என்ற மருத்துவர். 1981-இல் ஐந்து நோயாளிகளைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். தொடக்க காலக் கருவிகளுக்கு வேக்குவம் கிளீனரின் மோட்டாரைத்தான் பயன்படுத்தினார்களாம், உறிஞ்சுவதற்குப் பதில் ஊதும்படி. நாம் வேலைக்குச் சேர்ந்தபோது பெட்டிகளில் வேக்குவம் பிரேக், பிறகு ஏர் பிரேக்குக்கு மாறினோமே, அதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்து நோயாளிகள் ஒவ்வோர் இரவும் மாஸ்க்கை மூக்கில் பசை போட்டு ஒட்டிக்கொள்வார்களாம். நமக்கு நாடா மாட்டினால் போதும்.

எனக்கும் முதல் மூன்று வாரம் நரகம்தான். இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால் மாஸ்க் தரையில் கிடக்கும், எப்போது கழற்றினேன் என்றே தெரியாது. வயிற்றில் காற்று புகுந்து உப்பியது. மூக்குத்தண்டில் புண் வந்தது. ஆனால் ஒரு செவிலியர் சொன்ன யோசனை என்னைக் காப்பாற்றியது. பகலில், கட்டிலில் அல்ல, நாற்காலியில் உட்கார்ந்து மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கச் சொன்னார். முதல் நாள் மிஷின் இல்லாமல் வெறும் மாஸ்க், மறுநாள் மிஷினோடு பத்து நிமிடம், பிறகு அரை மணி. இது என்னைக் கொல்ல வந்ததல்ல என்று உடம்புக்குப் புரிய வேண்டும். படுக்கும் நேரத்தில் புரியவைக்க நினைத்தால் புரியாது. உன் மிஷினிலும் ரேம்ப் என்று ஒன்று இருக்கும். அதை வைத்தால் 4-இல் தொடங்கி, நீ கண்ணயரும் நேரத்தில் மெல்ல 10-க்கு ஏறும். தங்கச்சியிடம் கேட்டேன், நீ அதைத் தொடவே இல்லையாம்.

நாடாவை இறுக்காதே. பைப் ஜாயின்ட் கசிந்தால் ஸ்பேனரை எடுக்கும் கை நம்முடையது, அதனால்தான் சொல்கிறேன். இங்கே இறுக்க இறுக்க ரப்பர் மடிந்து கசிவு கூடும், மூக்கும் புண்ணாகும். மிஷினை ஓடவிட்டு, படுத்த நிலையில், காற்று நிறைந்த பிறகு நாடாவைச் சரிசெய். தினமும் காலையில் மாஸ்க்கை மென்மையான சோப்பில் கழுவு. நம் ஊர் வெயிலில் முகத்தில் வழியும் எண்ணெய்ப் பசைதான் பாதிக் கசிவுக்குக் காரணம். படுக்கும் முன் முகத்தையும் கழுவிக்கொள். ஈரப்பதத் தொட்டியில் கேன் தண்ணீர் ஊற்றி நான் பட்ட பாடு போதும், வெள்ளையாக உப்பு படிந்துவிட்டது. மருந்துக்கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்று. ஏசி போட்டுத் தூங்கினால் குழாயில் நீர் கோத்து முகத்தில் தெறிக்கும். குழாய்க்கு ஒரு துணியுறை தைத்துக்கொள், மிஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வை. இந்த வருடம் போகிக்கு மறுநாள் வடிகட்டியை எடுத்துப் பார்த்தேன், சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. அன்றே மாற்றினேன்.

இவ்வளவும் செய்தும் எனக்கு உண்மையான நம்பிக்கை வந்தது மிக்ஜாம் புயலின்போதுதான். 2023 டிசம்பரில் எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் முதல் இரவிலேயே தீர்ந்துபோனது. இரண்டாம் இரவு தலையணையை உயர்த்தி ஒருக்களித்துப் படுத்தேன். விடியும்போது பழைய தலைவலி அப்படியே வந்து நின்றது. பக்கத்தில் மனைவி மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருந்தாள். மறுபடி எண்ணியிருக்கிறாள். மிஷின் நோயைக் குணப்படுத்தவில்லை, போட்டுக்கொள்ளும் இரவில் மட்டும் அதைத் தடுத்து நிறுத்துகிறது என்று அன்றுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. அதன் பிறகு ஒரு நாளும் விட்டதில்லை.

இப்போது இரவில் ஒரு முறை எழுகிறேன், சில நாள் அதுவும் இல்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரை தொடர்கிறது, அதை நானாக நிறுத்த மாட்டேன். கனவுகள் திரும்பி வந்திருக்கின்றன. போன வாரம் கனவில் நீயும் நானும் பெயின்ட் ஷாப் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

மருமகள் பார்த்தால் என்ன நினைப்பாளோ என்று நீ கூசுவதாகவும் தங்கச்சி சொன்னாள். அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது, அதை நான் குறைவாக எண்ணவில்லை. அவள் உன்னைக் கண்ணாடியோடு தினமும் பார்க்கிறாள். இதையும் பார்க்கட்டும். நீயே கூப்பிட்டு உட்காரவைத்து, இது என்ன, எதற்கு என்று சொல்லிவிடு. ஒளித்து வைக்கிற வரைக்கும்தான் கூச்சம். தொல்லை தொடர்ந்தால் டாக்டரிடம் மாஸ்க்கை மாற்றித் தரச் சொல். மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துளையோடு நிற்பது, வாயையும் சேர்த்து மூடுவது என்று வகைகள் இருக்கின்றன. நான் இரண்டாவதில்தான் சரியானேன்.

இங்கே செய்தி அதிகம் இல்லை. சின்னவள் அம்பத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வாசலில் நின்ற முருங்கை இந்த மழையில் சாய்ந்துவிட்டது, புதிதாகக் கொம்பு நட்டிருக்கிறேன்.

மாசி பிறந்ததும் வைகை எக்ஸ்பிரஸில் திருச்சி வருகிறேன், மனைவியும் வருகிறாள். நான்கு நாள் பொன்மலையில் உன் வீட்டில்தான். மிஷினும் என்னோடு வரும். கட்டில் பக்கத்தில் எனக்கு ஒரு பிளக் பாயின்ட் வேண்டும். உன் கட்டில் பக்கமும் ஒன்று போட்டு வை. எலக்ட்ரீஷியனுக்காகக் காத்திருக்காதே, நீயே போட்டுவிடுவாய்.

தங்கச்சிக்கு என் அன்பு. டேப்பை உரித்தாயா என்று இன்று இரவே போன் செய்து சொல்.

உன் பழைய அறைத்தோழன்