மேல் பல்லில் ஒரு வெள்ளைக் கோடு

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்கே எழுதியிருக்க வேண்டியது, ஆடி பிறந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. ராணியக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இனி தாயக்கட்டையில் அவளை ஏமாற்ற முடியாது, ஜாக்கிரதை.

நீ அனுப்பிய பேத்தி போட்டோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்படியே உன் சிரிப்பு. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தபோது மேல் முன்பற்கள் நான்கிலும், ஈறை ஒட்டி, சுண்ணாம்பைத் தொட்டு இழுத்தாற்போல ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. ஈரத்துணியால் துடைத்து, பல்லைக் காயவிட்டுப் பார். பால் ஆடையாக இருந்தால் போய்விடும். மினுமினுப்பே இல்லாமல் அப்படியே நின்றால் சொத்தை தொடங்குகிறது என்று அர்த்தம். பயப்படாதே, குழி விழாதவரை அதை நிறுத்திவிடலாம், பல் திரும்பவும் கெட்டிப்படும். பழுப்பேறிக் குழி விழுந்துவிட்டால் தானாக மூடாது. போனில் சொன்னால் "விழுற பல்லுதானேடி" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விழுகிற பல்தான், ஆனால் எப்போது? முன்பற்கள் 6, 7 வயதில் விழும். கடைவாய்ப் பால்பற்களோ 10, 12 வயதுவரை இருக்க வேண்டியவை. அவற்றை முன்னாலேயே பிடுங்க நேர்ந்தால், பின்னாலிருக்கும் பல் சாய்ந்து வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அடியிலிருந்து வரும் நிலைப்பல்லுக்கு வழியில்லாமல் கோணலாக முளைக்கும். இன்னொன்றும் தெரிந்துகொள். 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் வரும். அதுவும் பால்பல் என்று நினைத்துப் பல வீடுகளில் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அது போனால் வேறு பல் கிடையாது.

"சீனி கண்ணிலேயே காட்டுவதில்லை, பனங்கற்கண்டும் தேனும்தான்" என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். செல்வி, பல்லில் இருக்கும் கிருமிக்கு எல்லாம் ஒன்றுதான். எந்த இனிப்பைத் தின்றாலும் அமிலமாக்கும். வாயில் இனிப்புப் பட்ட சில நிமிடங்களில் பல்லின் மேல் பிஎச் அளவு (அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) 5.5க்குக் கீழே இறங்கி, பல்லின் மேல்தோடான எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்டிச் சத்தைத் திரும்ப ஏற்ற அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். பத்து மணிக்கு ஒரு பிஸ்கட், பத்தரைக்குப் பாதி பிஸ்கட், பதினொன்றுக்கு ஒரு வாய் பால் என்று போனால் எச்சிலுக்கு மூச்சுவிட நேரமேது? சுவீடனில் விபேஹோல்ம் மருத்துவமனையில் 1940களில் மனவளர்ச்சி குன்றியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். சம்மதமில்லாமல் அவர்களுக்குச் செய்தது அநியாயம். அதில் தெரிந்த உண்மை இதுதான்: சாப்பாட்டோடு இனிப்புச் சாப்பிட்டவர்களைவிட, இடையிடையே ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்குத்தான் சொத்தை ஏராளம். அதனால் இனிப்பு கொடுத்தே ஆகவேண்டுமென்றால் மதியச் சாப்பாட்டோடு கொடுத்து முடித்துவிடு. இடையில் வெள்ளரி, கொய்யா, சுண்டல் கொடு, தாகத்துக்குத் தண்ணீர். பிஸ்கட்டும் கடலை மிட்டாயும் கடைவாய்க் குழிகளில் அப்பிக்கொண்டு வெகுநேரம் கிடக்கும்.

என் பெரிய கவலை, ராத்திரி தூங்கவைக்கக் கொடுக்கும் பனங்கற்கண்டுப் பால் பாட்டில். தூங்கும்போது எச்சில் ஊறுவது மிகவும் குறைந்துவிடும். இனிப்புப் பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். போட்டோவில் கீழ் முன்பற்கள் சுத்தமாக இருக்கின்றன, கவனித்தாயா? நாக்கு அவற்றை மூடிக்கொள்கிறது, எச்சில் சுரக்கும் இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. மேலே கோடு, கீழே சுத்தம் என்றால் பாட்டிலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பாட்டிலை ஒரே நாளில் பிடுங்காதே, வீடு ரணகளமாகிவிடும். முதலில் பனங்கற்கண்டை நிறுத்து. பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்கு பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டு. பத்துப் பன்னிரண்டு நாளில் பாட்டிலில் வெறும் தண்ணீர்தான் இருக்கும், அவளே சலித்து விட்டுவிடுவாள். படுக்கும் முன் டம்ளரில் பால், அடுத்து பல் துலக்கல், அதன்பிறகு தண்ணீர் மட்டும்.

துலக்குவதை அவள் கையில் விடாதே. 7, 8 வயதுவரை பெரியவர்கள்தான் துலக்கிவிட வேண்டும். அவளை மடியில் மல்லாக்கப் போட்டு, தலை உன் தொடையில் இருக்கும்படி வைத்துக்கொள். இடது சுட்டுவிரலால் மேலுதட்டைத் தூக்கி, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய். பேஸ்ட் ஓர் அரிசி அளவு போதும். 3 வயது முடிந்ததும் பட்டாணி அளவு. அட்டையில், பல்லைக் கெட்டிப்படுத்தும் ஃப்ளோரைடு 1000 பிபிஎம் என்று இருக்கிறதா பார். குழந்தைப் படம் போட்ட பேஸ்ட்களில் சிலவற்றில் அது இருப்பதே இல்லை. மீதியைத் துப்பட்டும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். கரித்தூளும் உப்பும் பால்பல்லுக்கு வேண்டவே வேண்டாம், அதன் எனாமல் மெல்லிசு.

தருமபுரியில் இருந்துகொண்டு ஃப்ளோரைடு என்றதும் பதறுவாய், நியாயம்தான். உங்கள் பக்கத்துக் காவிப் பற்களுக்குக் காரணம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்தால் குடிக்க ஆகாது. கொதிக்க வைத்தால் குறையாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். அவளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரே கொடு. போர் தண்ணீர் தவிர வழியில்லை என்றால் சோதித்து, அந்த அளவைப் பல் மருத்துவரிடம் காட்டிவிட்டு பேஸ்ட்டை முடிவு செய்.

மருத்துவரிடம் எப்படியும் இந்த மாதமே போ. ஃப்ளோரைடு வார்னிஷ் தடவுவார்கள், சில நிமிட வேலை, வலிக்காது. 3 மாதத்திலிருந்து 6 மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். குழி விழுந்த பல்லுக்கு வெள்ளி கலந்த ஒரு சொட்டு மருந்தும் உண்டு. துளை போடாமலே சொத்தையை நிறுத்தும், ஆனால் அந்த இடம் கறுத்துவிடும். மருமகளிடம் முன்னாலேயே சொல்லிவை, அப்புறம் கண்ணைக் கசக்கப்போகிறாள்.

கடிதம் கிடைத்ததும் பகல் வெளிச்சத்தில் அவள் உதட்டைத் தூக்கி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பேஸ்ட் அட்டையின் பின்பக்கத்தையும் எடு. மாங்காய்த் தொக்குக்கு ராணியக்கா சொன்ன அளவு என்னவென்றும் எழுது.

உன்,
மீனா