கால்பந்துக் கழக ஆண்டறிக்கை 2024–25, தருமபுரி

தலைவர் அவர்களுக்கும், மகாசபைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், பின்வரிசையைப் பிடித்துக்கொண்ட ஜூனியர் பசங்களுக்கும் வணக்கம்.

ஆட்டங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சீனியர் அணி சுமார். ஜூனியர் அணி பரவாயில்லை. ஐப்பசி மழையில் மைதானம் சேறாகிப் பயிற்சி பலமுறை நின்றுபோனது. முடிவுகள் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டுள்ளன.

வரவு செலவைப் பார்த்த சிலர், "கோலமாவுன்னு ஒரு செலவு இருக்கே, கிளப்புக்கு எதுக்கு?" என்று பொருளாளரைக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இத்தனை வருடமாக அந்தச் செலவு கணக்கில் ஏறியதே இல்லை. பசங்கள் 'பந்து தாத்தா' என்று கூப்பிடும் நம் மூத்த உறுப்பினரின் சட்டைப் பையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. மூட்டுவலியால் அவர் ஓய்வெடுத்துக்கொண்ட பிறகுதான் கோலமாவு, வலைக்கயிறு, பம்ப் ஊசி எல்லாம் நம் கணக்குக்கு வந்திருக்கின்றன.

கோலமாவு மைதானத்தில் கோடு போடத்தான். சுண்ணாம்பில் கோடு போட அவர் ஒருநாளும் சம்மதித்ததில்லை. விழுந்து முட்டி தேய்ந்தால் புண்ணில் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து என்பார். டேப் கிடையாது, ஒரே கயிறுதான். 9.15 மீட்டரில் ஒரு முடிச்சு, 11 மீட்டரில் சிவப்புத் துணி சுற்றிய முடிச்சு. நடுவட்டம், பெனால்டி புள்ளி இரண்டும் அதிலேயே முடிந்துவிடும். கயிறு தொய்யாமல் பிடிப்பதில்தான் சூட்சுமம். இந்த ஆண்டு நம் நடுவட்டம் கோழிமுட்டையாக இருந்ததை எதிரணிகள் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டன.

தையல் விட்ட பந்தைத் தூக்கிப்போட விடமாட்டார். பிளாடர் மாற்றி, மெழுகு தடவிய நூலால் தைத்து இன்னொரு சீசன் ஓட்டிவிடுவார்.

2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது, நம்மிடம் ஆடிக்கொண்டிருந்த காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்துப் பசங்கள் மாவட்டத் தேர்வுக்கு அங்கே போக வேண்டியதாயிற்று. "இனி அவங்க நமக்கு எதிரணி" என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவரோ அந்தப் பசங்களோடு பஸ் ஏறினார்; பிறப்புச் சான்றிதழ், போட்டோ எல்லாம் அவர் பையில்தான் இருந்தன.

பாராட்டு விழா என்றதும் மறுத்துவிட்டார். "அந்தக் காசுக்கு நாலாம் நம்பர் பந்து வாங்குங்கப்பா. சின்னப் பசங்க அஞ்சாம் நம்பரை உதைச்சு உதைச்சு காலைக் கெடுத்துக்கிறாங்க" என்றார். அவர் கேட்டபடி பந்து வாங்கத் தீர்மானம் வைக்கிறோம். சால்வையும் உண்டு, அது நிர்வாகக் குழுவின் பிடிவாதம்.

அடுத்த ஆண்டு கோடு போட இரண்டு பேர் வேண்டும். ஞாயிறு காலை 6 மணிக்கு மைதானத்தில் நிற்கக்கூடியவர்கள் மட்டும் கை தூக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்