வீடு மாறுனா ஓட்டு அட்ரஸையும் மாத்துங்க, அதுக்கு ஓனர் பர்மிஷன் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மேடவாக்கத்துல குடியிருக்கேன், எங்க தெருவுல யாருக்காவது ஓட்டர் லிஸ்ட்ல பேரு சேக்கணும்னா ஃபார்ம் ஃபில்லப் பண்ணிக் குடுக்குறத கொஞ்ச வருஷமா செஞ்சிட்டு வர்றேன், அந்த அனுபவத்துல சொல்ல வேண்டியது நிறைய இருக்கு, முக்கியமா வாடகை வீட்டுல இருக்கறவங்களுக்கும் அவங்களுக்கு வீடு குடுத்திருக்கற ஓனர்களுக்கும்.

2025 டிசம்பர் 19ம் தேதி, ஓட்டர் லிஸ்ட்ட முழுசா மறுபடி சரிபாத்த தீவிரத் திருத்தத்துக்கு (எஸ்ஐஆர்) அப்புறம் வரைவுப் பட்டியல் வந்துச்சே, அதுல தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேல பேரு இல்லாம போச்சு. செத்துப்போனவங்க பேர எடுத்தது சரிதான், அது வருஷக்கணக்கா எடுக்காம கெடந்தது. ஆனா அந்தக் கணக்குல ரொம்பப் பெரிய பங்கு, 66 லட்சத்துக்கும் மேல, வீடு மாறிப் போயிட்டாங்க, வீட்டுல ஆள் இல்லன்னு எழுதப்பட்டவங்க. அவங்க எங்கயும் காணாம போயிடல, பக்கத்து தெருவுல இருப்பாங்க, பக்கத்து தொகுதியில இருப்பாங்க, வாடகை ஏத்திட்டாங்கன்னோ புள்ள ஸ்கூலு தூரம்னோ வீடு மாறியிருப்பாங்க, வீடு மாறும்போது கேஸ் கனெக்‌ஷன மாத்துவோம், ஸ்கூல் டிசி வாங்குவோம், ஓட்ட மட்டும் பழைய வீட்டுலயே விட்டுட்டு வந்துடுறோம். எங்க சோழிங்கநல்லூர் தொகுதி மாதிரி எடத்துல இது ரொம்ப அதிகம், 2021 சட்டமன்றத் தேர்தல்ல தமிழ்நாட்டுலயே அதிகம் வாக்காளர் இருந்த தொகுதி இது, பாதிப் பேரு வேற ஊர்லேந்து வந்தவங்கதான்னு சொல்ற அளவுக்கு வந்து போற ஜனங்க.

இதுல மொதல் குழப்பம் எந்த ஃபார்ம்ங்கறது. வாழ்க்கையிலயே மொதல் தடவையா பேரு சேக்குறவங்களுக்குத்தான் ஃபார்ம் 6. ஏற்கனவே எங்கயாவது பேரு இருந்து வீடு மாறுனவங்களுக்கு ஃபார்ம் 8, அதுல நம்மகிட்ட ஏற்கனவே இருக்கற வோட்டர் ஐடி நம்பரப் போட்டு, முகவரி மாற்றம்னு டிக் பண்ணி, அதே தொகுதிக்குள்ளயா வேற தொகுதியான்னு சொன்னா போதும், பழைய எடத்துல தேர்தல் அலுவலகத்துலயே பேர எடுத்துடுவாங்க, பேர நீக்கச் சொல்ற ஃபார்ம் 7 நாம தனியா குடுக்க வேண்டியதில்ல, ஐடி நம்பரும் மாறாது. ஆனா நிறைய பேரு ப்ரௌசிங் சென்டர்ல போயி "புதுசா போட்டுக் குடுங்க"ன்னு சொல்ல, அவங்களும் ஃபார்ம் 6 போட்டுக் குடுத்துடுறாங்க. ஃபார்ம் 6ல "என் பேரு வேற எங்கயும் இல்ல"ன்னு நாம கையெழுத்துப் போடுறோம், அது பொய்யா இருந்தா 1950ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனை இருக்கு. தெரியாமப் போட்ட ஒரு டிக்குக்கு யாரும் அந்த அளவுக்கு மாட்டக் கூடாது, அதனால சென்டர்ல ஒக்காந்து எந்த ஃபார்ம்னு கேட்டு, ஸ்க்ரீனப் பாத்து, அப்புறம் சப்மிட் பண்ணச் சொல்லுங்க. பேரு லிஸ்ட்லேர்ந்து ஒரேயடியா நீக்கப்பட்டுடுச்சுன்னா அப்ப மறுபடி ஃபார்ம் 6தான். அதனால மொதல்ல வோட்டர்ஸ் டாட் இசிஐ டாட் ஜிஓவி டாட் இன் தளத்துல பேரு இருக்கான்னு தேடுங்க, போன்ல பாக்கத் தெரியாதவங்க 1950ங்கற தேர்தல் ஹெல்ப்லைன் நம்பருக்கு கூப்புட்டுக் கேக்கலாம். கையில வோட்டர் ஐடி கார்டு பத்திரமா இருக்குங்கறதுக்காக லிஸ்ட்லயும் பேரு இருக்குன்னு அர்த்தமில்ல, லிஸ்ட்ல இல்லன்னா கார்டக் காட்டினாலும் பூத்துல ஓட்டுப் போட விட மாட்டாங்க.

கல்யாணமாகி வந்த பொண்ணுங்களுக்கும் இதே ஃபார்ம் 8தான். அம்மா வீட்டுலயே பேரு கெடக்கும், இங்க யாரும் மாத்தச் சொல்ல மாட்டாங்க, அவங்களும் அவசரமில்லன்னு விட்டுருவாங்க, கடைசியில அங்கயும் "இங்க இல்ல"ன்னு அடிச்சிடுவாங்க. நான் ஃபார்ம் எழுதிக் குடுத்ததுல இந்த மாதிரி வந்த பொண்ணுங்கதான் அதிகம்.

இப்ப ஓனர் விஷயத்துக்கு வர்றேன், எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்கறது இதுதான். வாடகைக்கு இருக்கறவங்க இந்த அட்ரஸ்ல ஓட்டு வாங்கிட்டா நாளைக்கு வீட்டக் காலி பண்ண மாட்டாங்க, உரிமை கொண்டாடுவாங்கன்னு பயந்து கரண்ட் பில் காப்பி கூடக் குடுக்க மாட்டேங்கறாங்க. அந்த பயத்துக்கு எந்த அடிப்படையும் இல்லீங்க. ஓட்டர் லிஸ்ட்ல பேரு இருக்கறது நீங்க அங்க குடியிருக்கீங்கங்கறதுக்குத்தான், சொத்துக்கு அது பத்திரம் ஆகாது. சட்டமே என்ன சொல்லுதுன்னா, ஒரு எடத்துல வீடு சொந்தமா வச்சிருக்கறதால மட்டும் ஒருத்தர் அந்த எடத்துவாசி ஆயிட மாட்டாரு, வழக்கமா எங்க வசிக்கறாரோ அதுதான் கணக்கு. ஆக ஓட்டுரிமைய குடுக்குறது குடியிருப்பு, அதுக்கு ஓனரோட சம்மதம்னு ஒரு கட்டமே ஃபார்ம்ல கெடையாது. வீட்டு ஓனர்கள் தயவு செஞ்சு இதப் புரிஞ்சுக்கணும், உங்க வீட்டுக்கு வாடகை கட்டுறவங்களும் இந்தத் தொகுதியோட குடிமக்கள்தான்.

அப்புறம் என்ன ப்ரூஃப் குடுக்கறதுன்னு கேப்பீங்க. ஆதார், பேங்க் அல்லது போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக், பாஸ்போர்ட், ஒரு வருஷமாவது அந்த அட்ரஸ்ல இருக்கற தண்ணி, கரண்ட், கேஸ் பில், இதுல ஒண்ணு இருந்தா போதும், ஒரே வீட்டுல அப்பா அம்மாவோ கணவரோ மனைவியோ ஏற்கனவே லிஸ்ட்ல இருந்தா அவங்க பேர்ல இருக்கறதையும் வைக்கலாம். வாடகை ஒப்பந்தமும் உண்டு ஆனா ஃபார்ம்ல பதிவு செஞ்ச ஒப்பந்தம்னு போட்டிருக்கு, நம்ம ஊர்ல ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக்கற 11 மாச அக்ரிமென்ட்ட யாரு ரிஜிஸ்டர் பண்றாங்க, அதனால வீடு மாறுன உடனே ஆதார்லயோ பேங்க்லயோ அட்ரஸ் மாத்திட்டா இந்தத் தலைவலியே இல்ல. எதுவுமே இல்லாதவங்களுக்கும் வழி இருக்கு, எந்த டாக்குமெண்டும் இல்லன்னா அதிகாரி நேர்ல வந்து பாத்து உறுதி செய்யணும்னு அந்த ஃபார்ம்லயே எழுதியிருக்கு. ரோட்டோரம் படுத்துத் தூங்கறவங்க கிட்ட கூட பூத் அலுவலர் ராத்திரியில போயிப் பாத்து சேக்கணும்ங்கறதுதான் தேர்தல் ஆணையத்தோட விதிமுறை. ப்ரூஃப் இல்லன்னு யாராவது ஃபார்ம வாங்கவே மாட்டேன்னா, இதச் சொல்லிக் கேளுங்க.

பெரும்பாக்கம், செம்மஞ்சேரி குடியிருப்புகளப் பத்தி தனியா சொல்லணும். சிட்டிக்குள்ள ஆத்தோரம் இருந்த குடும்பங்கள இங்க கொண்டாந்து வச்சாங்க, ஆனா பல பேரோட ஓட்டு பழைய தொகுதியிலயே நின்னுச்சு, தேர்தல் அன்னைக்கு ரெண்டு பஸ் மாறி பழைய எடத்துக்குப் போயி ஓட்டுப் போட்டுட்டு வந்தவங்க எனக்குத் தெரிஞ்சே இருக்காங்க. இப்ப பழைய எடத்துல வீடே இல்லாததால அங்கயும் பேரு நிக்காது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல இந்தப் பக்கமெல்லாம் தண்ணி நின்னப்ப கேக்கறதுக்கு ஒரு எம்எல்ஏ வேணும்ல, அவர்கிட்ட போயி நிக்கும்போது "நாங்க உங்க தொகுதி ஓட்டருங்க"ன்னு சொல்ல முடியணும். உள்ளாட்சித் தேர்தலுக்கான லிஸ்டும் இதே சட்டமன்ற லிஸ்ட்ட வச்சுத்தான் தயார் பண்றாங்க, ஆக குப்பை, தெருவிளக்கு, குடிதண்ணி எல்லாத்துக்கும் இந்த ஒரு பேருதான்.

18 வயசு ஆகறவங்களுக்கு, முன்ன மாதிரி ஜனவரி 1 மட்டும் கணக்கு இல்ல, 2022லேர்ந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1னு நாலு தேதி இருக்கு, 17 முடிஞ்சாலே முன்கூட்டி அப்ளை பண்ணி வைக்கலாம். ஹாஸ்டல் பசங்க ஊர்லயோ காலேஜ் இருக்கற எடத்துலயோ ஏதாவது ஒரு எடத்துல வச்சுக்கலாம்.

அப்ளை பண்ணதும் ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் வரும், அத எழுதி வைங்க. பிஎல்ஓன்னு சொல்ற பூத் அலுவலர் வீட்டுக்கு வருவாங்க, பெரும்பாலும் நம்ம பக்கத்து ஸ்கூல் டீச்சரோ அங்கன்வாடி ஊழியரோதான், அவங்களும் அவங்க வேலைக்கு மேல இதச் செய்றாங்க, பகல்ல வீடு பூட்டியிருந்தா பக்கத்து வீட்டுல போன் நம்பர் குடுத்து வைங்க. அப்ளிகேஷன் ரிஜெக்ட் ஆனா அதோட விட்டுடாதீங்க, 15 நாளுக்குள்ள கலெக்டர்கிட்ட அப்பீல் பண்ணலாம், அங்கயும் சரியாகலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிகிட்ட போகலாம், இது சட்டத்துலயே இருக்கற உரிமை, ஆனா ரிஜெக்ட் ஆனவங்க கிட்ட இதச் சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல. இன்னொண்ணு, தேர்தல் அறிவிச்சப்புறம் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, வேட்புமனு கடைசி நாளோட லிஸ்ட்ட மூடிடுவாங்க, ஃபார்ம் போயி விசாரணை முடியறதுக்கும் நாள் வேணும்.

ஆசிரியர் அவர்களுக்கு என் கோரிக்கை என்னன்னா, தேர்தல் நேரத்துல மட்டும் இல்லாம அந்த நாலு தேதிக்கும் முன்னாடி உங்க பேப்பர்ல எந்த ஃபார்ம் யாருக்குன்னு ஒரு சின்ன கட்டம் போட்டு வெளியிடணும். மாவட்ட நிர்வாகத்துக்கும் உங்க மூலமா ஒண்ணு கேட்டுக்கறேன், பெரும்பாக்கம் செம்மஞ்சேரி பக்கம் முகாம் போடும்போது சாயங்காலம் ஏழு மணிக்கு மேல போடுங்க, அங்க இருக்கறவங்க பாதிப் பேரு வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போறவங்க, ஞாயித்துக்கிழமை கூட பகல்ல வீட்டுல இருக்க மாட்டாங்க.

இப்படிக்கு,
வாசகர், மேடவாக்கம், சென்னை